வன்னிப் பள்ளிக்கூடத்தின் தரம் உயர ஸ்மார்ட் போர்ட் வாங்கலாமா?

கேள்வி இதுதான். முல்லைத்தீவு மாவட்டத்தில் தரம் 11 வரையுள்ள ஒரு பாடசாலை. அதில் படித்து இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறார்கள். தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில், அதிலும் கணிதத்தில், பெறுபேறு வருடா வருடம் மோசம். "ஸ்மார்ட் போர்ட் பூட்டிக் கொடுக்கலாமா, ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சி ஒன்று வைக்கலாமா? எதைச் செய்தால் உண்மையிலேயே பிரயோசனம்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் வன்னியில் ஆசிரியராகவும் பிறகு ஆசிரிய ஆலோசகராகவும் இருந்தவன். பெறுபேறு மேலே போன பள்ளிக்கூடங்களில் கட்டடம் நல்லதாக இருந்ததும் உண்டு, தகரக் கொட்டிலாக இருந்ததும் உண்டு. ஆனால் ஆரம்பப் பிரிவிலும் கணிதத்திலும் அதே ஆசிரியர்கள் நாலைந்து வருடம் தொடர்ந்து நின்றிருப்பார்கள். அது எல்லாவற்றிலும் இருந்தது. ஆகவே உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் பாஸ் என்று நான் முதலில் கேட்க மாட்டேன். இப்போது தரம் 11இல் இருக்கும் பிள்ளைக்கு, தரம் 6இலிருந்து எத்தனை கணித ஆசிரியர்கள் மாறினார்கள், இடையில் எத்தனை தவணை ஆளே இல்லாமல் போனது என்று கேட்பேன். அதிபர் கொப்பி பார்க்காமலே சொல்லிவிடுவார்.

கணக்கில் பார்த்தால் வட மாகாணத்தில் ஆசிரியர் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மொத்த மாணவர் தொகையை ஆசிரியர் தொகையால் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகள்கூட வராது. கொழும்பில் இருந்து அட்டவணையைப் பார்ப்பவர் "உங்களுக்குக் கூடவல்லோ" என்பார். ஆனால் வன்னியில் பாதிப் பள்ளிக்கூடங்கள் சின்னவை. நூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடமானாலும் தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புக்கும் கணிதம் நடக்க வேண்டும், விஞ்ஞானம் நடக்க வேண்டும், ஆங்கிலம் நடக்க வேண்டும். சராசரிக்கு இது விளங்காது. அப்புறம், இருக்கிற ஆசிரியர்களும் பாடத்துக்கு ஏற்றபடி இல்லை. கலைப் பட்டதாரிகள் நிறைய, கணிதம் விஞ்ஞானம் படித்தவர்கள் கொஞ்சம். யாழ்ப்பாண நகரத்திலும் வவுனியா நகரத்திலும் ஒரே பாடத்துக்கு மேலதிகமாக ஆட்கள் இருக்க, துணுக்காய், மடு, வவுனியா வடக்குக் கல்வி வலயங்களில் வரலாறு படித்தவர் கணிதப் பாடவேளையை நிரப்பிக்கொண்டிருப்பார். அவர் மேல் பிழை இல்லை. புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவதைவிட அவரால் வேறென்ன செய்ய முடியும்?

இந்த நிலைமை எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் பணம் எங்கே உதவும் என்று தெரியும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சோடும் மற்றவை மாகாணத்தோடும் இருக்கின்றன. உங்களுடையது மாகாணப் பாடசாலை. மாகாணம் புதிதாக நியமனம் கொடுக்கும்போது முதல் சில வருடங்களை வன்னியில், கஷ்டப் பிரதேசத்தில், செய்யச் சொல்லும். அந்த வருடங்கள் முடிந்ததும் ஆசிரியர் ஊருக்கு இடமாற்றம் கேட்பார். கிடைக்காவிட்டால், யாரையாவது பிடித்து 'இணைப்பு', அதாவது வேறு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை, எடுத்துக்கொண்டு போய்விடுவார். இணைப்பில் போனவரின் பெயர் உங்கள் பள்ளிக்கூடத்து ஆளணியில்தான் இருக்கும், ஆள் யாழ்ப்பாணத்தில் இருப்பார். பெயர் இருப்பதால் வெற்றிடம் என்று காட்ட முடியாது. வெற்றிடம் இல்லாததால் புது ஆள் வர மாட்டார். வன்னி அதிபர்கள் பலர் ஓய்வு பெறும்வரை மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு 65 கிலோமீற்றருக்கு மேல், மாங்குளத்துக்குக் கிட்டத்தட்ட 90. அதற்குப் பிறகுதான் ஏ9 நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். ஒட்டுசுட்டானுக்கோ பாண்டியன்குளத்துக்கோ காலை 7.30 மணிக்குக் கையெழுத்து வைக்க வேண்டுமானால் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கும் முன்னால். 1.30க்கு மணி அடிக்கும், 1.40க்கு பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சாரதிக்கும் தெரியாது. கடைசிப் பாடவேளையில் அந்த ரீச்சரின் கண் ஜன்னலுக்கு வெளியே இருப்பதை நான் பின்வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். பாடம் மோசமில்லை, மனது மட்டும் பஸ் தரிப்பிடத்தில். இப்படி இரண்டு வருடம் ஓடிய ஒருவர் இடமாற்றம் கேட்டால் அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது, தூரத்திலிருந்து வந்தவர்களை நம்பியிருந்த பள்ளிக்கூடங்களில் வாரக்கணக்கில் பாடங்கள் விழுந்தன. ஊரிலேயே தங்கியிருந்தவர்கள் சைக்கிளில் வந்து படிப்பித்தார்கள்.

எனவே பணத்தை முதலில் ஆசிரியர் தங்கும் இடத்தில் போடுங்கள். புதிதாக மாடி கட்டத் தேவையில்லை. இலங்கை ஆசிரியர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கிட்டப் பெண்கள். அவர்கள் இரவில் பயமில்லாமல் படுக்கிற இடமா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே கழிப்பறை, சரியாகப் பூட்டுப்படுகிற கதவு, குடிக்கக்கூடிய தண்ணீர், மின்விசிறி, சமைக்க ஓர் அடுப்பு. முல்லைத்தீவில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கேலாது, வடிகட்டி ஒன்று வேண்டும். நன்கொடைப் பணத்தில் விளையாட்டு மைதானத்தின் மூலையில் வேலி இல்லாமல் கட்டிய ஒரு விடுதி எனக்குத் தெரியும். திறப்பு விழா பெரிதாக நடந்தது. ஒருவரும் தங்கவில்லை. மழைக்கு ஆடுகள் ஒதுங்கும். இன்னோர் இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனதால் பூட்டிக் கிடந்த வீட்டைத் திருத்தி மூன்று ஆசிரியைகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா மாதக் காசுக்கு மத்தியானமும் இரவும் சமைத்துக் கொடுத்தார். திங்கள் வந்து வெள்ளி போனார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் கொப்பியோடு அந்தத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள், யாரும் 'மாலைநேர வகுப்பு' என்று பெயர் வைக்காமலே. அதில் இரண்டு பேர் இடமாற்றத்துக்கு உரிய காலம் வந்த பிறகும் கொஞ்சக் காலம் நின்றார்கள்.

இதைவிட நீண்ட கால வழியும் உண்டு: ஊர்ப் பிள்ளைகளையே ஆசிரியராக்குவது. பூந்தோட்டத்தில் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி, அதில் கடைசி வருடம் பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறு பயில்வு. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் கிடைக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் உங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது இருப்பார்கள். பலர் விண்ணப்பம் கோரும் வர்த்தமானியைப் பற்றிக் கேள்விப்படுவதே திகதி முடிந்த பிறகுதான். யாராவது ஒருவர் அதைக் கவனித்துச் சொல்லி, படிவம் நிரப்ப உதவி, நேர்முகத் தேர்வுக்குப் போகப் பயணக் காசும் கொடுத்தால் போதும். வன்னியைப் போர்க்காலத்தில் தாங்கியவர்கள் ஊரில் நின்ற தொண்டராசிரியர்கள்தான். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் வருடக்கணக்கில் வீதியில் போராட்டம் இருக்க வேண்டி வந்தது. அந்தச் சங்கதியை எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் வேறு பக்கம் போய்விடும்.

சரி, ஆசிரியர் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதைப் படிப்பிப்பது? இங்கேதான் எல்லோருமே தரம் 11ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கக் கருத்தரங்கு, முன்னோடிப் பரீட்சை, கடந்தகால வினாத்தாள், இராத்திரிப் படிப்பு. கணிதத்தில் இதற்கு ஒரு தனிச் சூத்திரமே உண்டு. முதலாம் வினாத்தாளின் பகுதி அ-வில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. இரண்டு வினாத்தாளின் சராசரியில் சாதாரண சித்திக்கு 35 வேண்டும். ஆகவே மெல்லக் கற்கும் பிள்ளைகளை அந்த 25இலும், இரண்டாம் வினாத்தாளில் சுலபமாக வரும் ஒன்றிரண்டு கணக்குகளிலும் பழக்கிவிட்டால் சிலர் கரை சேர்வார்கள். இதை நானும் செய்வித்திருக்கிறேன், இனியும் செய்யலாம். ஒரு பிள்ளைக்குக் கணிதச் சித்தி இல்லாவிட்டால் எத்தனை வேலைக் கதவுகள் மூடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது முதலுதவி. இதைத் தரம் உயர்ந்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது.

தரம் 9 வகுப்பில் அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். பாதி வகுப்பு ஐந்திலிரண்டு என்று எழுதும்: மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. 'அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?' என்று கேட்டால் பிள்ளை திகைத்துப் போய்ப் பார்க்கும். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்குத் தரம் 11இல் வட்டியும் சமன்பாடும் சொல்லிக்கொடுப்பது, வரம்பு கட்டாத வயலுக்கு வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி.

இன்னும் கீழே போனால் வாசிப்பு. தரம் 6 பிள்ளையிடம் தரம் 3 தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, மனப்பாடமாகாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு சிறுமி படத்தைப் பார்த்துவிட்டு 'கொக்கு' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'நாரை' என்று வாசித்தாள். அடுத்த வரியில் 'குளக்கரை'யின் முதலெழுத்தைப் பார்த்துக் 'குளத்தடி' என்றாள். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. தூரத்திலிருந்து கேட்பவருக்குச் சரியாக வாசிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஐந்து வருடம் அப்படித்தான் தப்பியிருக்கிறாள். கணித வினாவை வாசித்து விளங்க முடியாத பிள்ளைக்குக் கணிதம் மட்டும் எப்படி வரும்? ஆரம்பப் பிரிவில் அத்தியாவசியத் தேர்ச்சிகள் என்று பட்டியல் உண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாளமிடும் படிவமும் உண்டு. படிவங்கள் அநேகமாக நிரம்பியே இருக்கும். பிள்ளையைத் தனியாக இருத்தி வாசிக்கக் கேட்டு நிரப்பினார்களா என்பதுதான் கேள்வி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வேறு இடையில் வந்து, சித்தியடையக்கூடிய நாலைந்து பிள்ளைகளைச் சுற்றியே முழுப் பள்ளிக்கூடத்தையும் நிற்க வைத்துவிடுகிறது.

வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமே என்று வெளியில் இருந்து சொல்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 2008இலும் 2009இலும் வன்னிக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாம்களுக்குப் போன பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் இன்று தரம் 1, 2 பிள்ளைகளின் தாய் தகப்பன். அந்த முகாம்களுக்குள்ளேயே புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரமும் எழுதியவர்கள் உண்டு. அப்போதே படிப்பை விட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்களிடம் 'பிள்ளையின் வாசிப்பைக் கவனியுங்கோ' என்று பெற்றார் கூட்டத்தில் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். வன்னிப் பிள்ளைகளில் 2020இல் தரம் 1க்குப் போனவர்களுக்குக் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டுப்பட்டது. 2021 ஜூலை முதல் ஒக்ரோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர், அதிபர் பணிப்புறக்கணிப்பு. அடுத்த வருடம் எரிபொருள் இல்லை. சிக்னலுக்காக மரத்தடியில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எழுத்துக் கூட்டப் பழக வேண்டிய வயது அப்படியே போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது இடைநிலை வகுப்புகளில். பாடத்திட்டம் அவர்களுக்காக நிற்காது. பரிகாரக் கற்பித்தல் என்று நேரசூசியில் எழுதி வைத்தால் போதாது, அதற்கென்று ஓர் ஆள் வேண்டும்.

இனி ஆசிரியர் பயிற்சி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: வவுனியா விடுதி ஒன்றில் ஒரு நாள் செயலமர்வு, கொழும்பில் இருந்து வளவாளர், மத்தியானச் சாப்பாடு, சான்றிதழ், குழுப்படம். ஆசிரியர்களுக்கு இதில் அலுப்புத் தட்டி நெடுநாள். அந்த நாளில் வகுப்பும் போகிறது. பிரயோசனமானது எது என்றால், பாடத்தில் கை தேர்ந்த ஒருவர் வகுப்புக்கே வந்து, முதலில் தான் ஒரு பாடம் எடுத்துக் காட்டி, அடுத்த கிழமை அவர் எடுப்பதைப் பார்த்து, பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது. ஆசிரிய ஆலோசகர்களின் வேலை இதுதான். ஆனால் ஒரு ஆலோசகருக்கு முப்பது நாற்பது பள்ளிக்கூடம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் காசு சொந்தப் பையில், வலயத்தில் கூட்டமென்றால் அன்றைய தரிசிப்பும் போச்சு. அதனால் கிட்ட உள்ள நாலைந்து பள்ளிக்கூடங்களின் கணித ஆசிரியர்கள் மாதம் ஒரு பின்னேரம் கூடி, அடுத்த மாத அலகை எப்படிப் படிப்பிப்பது என்று மட்டும் பேசுவது நல்லது. கொத்தணி முறை என்று பெயர் உண்டு, பல இடங்களில் பெயர் மட்டும்தான் உண்டு. வரலாறு படித்துவிட்டுக் கணிதம் எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது போக்குவரத்துச் செலவும் வடையும் தேத்தண்ணியும்.

இன்னொன்று காகித வேலை. காலை எட்டு மணிக்கு வலயத்திலிருந்து வட்ஸ்அப்பில் தகவல் கேட்டு வரும், பத்து மணிக்குள் வேண்டும். அதே தகவலைக் கோட்டக் கல்வி அலுவலகம் பிற்பகல் வேறு படிவத்தில் கேட்கும். சின்னப் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர் இல்லை, அதிபரும் தரம் 8க்கு ஆங்கிலம் எடுக்கிறவர். யார் அதை நிரப்புவது? கணினி தெரிந்த ஓர் ஊர்ப் பிள்ளையைப் பகுதி நேரமாக வைத்து அந்த வேலையைச் செய்வித்தால் மாதத்தில் எத்தனையோ பாடவேளைகள் மீளும். வகுப்பறைகளுக்குள் போய்ப் பார்க்க அதிபருக்கும் நேரம் வரும். நிதி திரட்டும் கூட்டத்தில் சொன்னால் கைதட்டு வராத செலவு இது, ஆனால் செய்யுங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் வன்னிக்கு ஒதுக்கீடு இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் வன்னியின் நாலு மாவட்டங்களும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும், வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனால் அந்த ஒதுக்கீட்டைப் பிடிக்க முதலில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு (1ஏபி என்பார்கள்) போய்ச் சேர வேண்டும். உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தப் பாதை தரம் 9இலேயே அடைபட்டுப் போகிறது.

ஸ்மார்ட் போர்ட்டுக்கு நான் எதிரி இல்லை. மின்சாரம் ஒழுங்காக வந்து, பூட்டுப்படுகிற அறை இருந்து, அதைப் பாவிக்கத் தெரிந்த ஆசிரியர் அடுத்த வருடமும் இருப்பார் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் உறை போட்டு அதிபரின் அறையில் நிற்கும், விருந்தினர் வந்தால் உறை கழற்றுவார்கள். அந்தக் காசில் பாதிக்கு ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும் இரண்டு வருடத்துக்கு மையும் கடதாசியும் வரும். ஆரம்பப் பிரிவுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் வரும். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாமல் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், கிழிந்தால் கிழியட்டும். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அறுவடைக் காலத்திலும் மீன்பிடிக் காலத்திலும் வரவு எப்படி விழுகிறது என்று இடாப்பைப் பார்த்தால் தெரியும்.

பணம் அனுப்புவதைப் பற்றி. தனி ஆளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு, எதற்கென்று கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். அதிபர் மாறினாலும் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும். மாதச் செலவுகளை, அதாவது விடுதி வாடகை, பகுதி நேரப் பிள்ளையின் சம்பளம் போன்றவற்றை, மூன்று வருடத்துக்குத் தாங்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். அப்புறம், இந்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர் யாராவது இருந்தால் பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் ஒரு தடவை போகச் சொல்லுங்கள். மாலை போட வேண்டாம் என்று முன்கூட்டியே அதிபருக்குச் சொல்லிவிட்டு, தரம் 4 வகுப்பில் பின்வாங்கில் இருந்து, நாலு பிள்ளைகளை வாசிக்கக் கேட்டுவிட்டு வரட்டும்.